சின்னம் இல்லாத பொலிஸ் வாகனம் மறித்தால்: யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மன்னாரிலிருந்து வேலை மாற்றத்தில் யாழ்ப்பாணம் வந்து நாலாவது மாதம். மழை விட்ட ஓர் இரவு, மச்சானின் காரில் பருத்தித்துறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். நெல்லியடி தாண்டி வல்லை வெளியில் ஏறியபோது எட்டே முக்கால் இருக்கும். பின்னால் வந்த வெள்ளைக் கார் ஒன்று இரண்டு தரம் லைற் அடித்தது, முந்தியது, முன்னால் சரிந்து நின்றது. அதில் பொலிஸ் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. ரீசேர்ட் போட்ட ஒருவர் இறங்கி வந்து ரோச் லைற்றை என் முகத்தில் அடித்தார். இன்னொருவர் காருக்குப் பின்னால் போய் நின்றார்.

"பொலிஸ். லைசன்."

கண்ணாடியை முழுதாக இறக்கி அனுமதிப்பத்திரத்தை நீட்டினேன். அவர் அதை ரோச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மற்றவரோடு சிங்களத்தில் ஏதோ கதைத்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஸ்டேசன் வாங்க" என்றார். கார் போய்விட்டது. எந்த ஸ்டேசன் என்று நான் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, கார் இலக்கத்தையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஐந்து நாள் மூன்று நிலையங்களுக்கு அலைந்தேன். முதல் இரண்டிலும் "எங்கட ஆக்கள் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதில் ஓர் அலுவலர் லாச்சியை இழுத்து, சிவப்பு ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தார். ஏழெட்டு அனுமதிப்பத்திரங்கள். நாலாவது என்னுடையது. அன்று இரவு நான் ஓடி வந்த காரின் அதே நிறத்தில் கார் ஒன்றைத் தேடினார்களாம், நான் செய்த குற்றம் எதுவும் இல்லையாம். இரண்டு நாள் விடுமுறையும் ஓட்டோவுக்கு 6,400 ரூபாயும் போனது. வந்தவர்கள் உண்மையான பொலிஸாக இருந்ததால் இவ்வளவோடு முடிந்தது. பொலிஸ் என்று சொல்லி மறித்துக் காசையும் நகையையும் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வெளியில் அந்த நேரத்தில் இருவரையும் பிரித்துப் பார்க்க நான் எதையுமே செய்திருக்கவில்லை.

பிறகு ஒரு சட்டத்தரணியிடமும், நீண்ட நாள் ஓட்டோ ஓடும் அண்ணன்மார் சிலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து வாகனம் ஓட்டுபவர்களுக்கும், வேறு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கும், புதிதாக லைசன் எடுத்த தம்பி தங்கைகளுக்கும் இது உதவும்.

1. புறப்பட முன்: வாகனத்தில் இருக்க வேண்டியவை

மறித்தவர் யாராக இருந்தாலும், உங்கள் பத்திரங்கள் சரியாக இருந்தால் கதை சுருக்கமாக முடியும். ஒன்று பிசகினால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றதெல்லாம் வரும்.

சாரதி அனுமதிப்பத்திரம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் போதாது. தேசிய அடையாள அட்டையும் அசல். வாகன வருமான அனுமதிப்பத்திரம் (எங்கள் வாயில் வரிப்பத்திரம்) நடப்பு வருடத்துக்கு உரியதாகவும், வெளியே தெரியும்படி ஒட்டியும் இருக்க வேண்டும். காப்புறுதிச் சான்றிதழ் குறைந்தது மூன்றாம் தரப்புக்காவது செல்லுபடியாக வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் கூட வையுங்கள்.

பலரும் விழுகிற குழி ஒன்று இதில் இருக்கிறது. வரிப்பத்திரத்தின் திகதியும் காப்புறுதியின் திகதியும் ஒரே நாளில் முடிவதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருப்போம், காப்புறுதி இரண்டு கிழமைக்கு முன்னர் முடிந்திருக்கும். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் வழக்கு நேராக நீதிமன்றத்துக்குப் போகும், தண்டம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அனுமதிப்பத்திரமே எடுக்காமல் ஓட்டுவதற்கும் குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் அதே தொடக்கம்தான். இரண்டு திகதிகளையும் ஒரு துண்டில் எழுதி மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

மற்றவர் வாகனம் என்றால் உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: அவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், உங்கள் பெயர், கையெழுத்து. சட்டம் இதைக் கேட்கிறதோ இல்லையோ, இரவில் மறிப்பவர் முதலில் கேட்பது "யாரின்ர வாகனம்?" என்பதைத்தான். லீசிங்கில் உள்ள வாகனம் என்றால் பதிவுப் புத்தகம் நிதி நிறுவனத்திடம் இருக்கும், அதன் பிரதியை வைத்திருங்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த நாட்டு லைசன் மட்டும் இங்கே போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் வைத்திருந்தாலும் அதற்கு இலங்கையில் அங்கீகாரம் எடுக்க வேண்டும், அல்லது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கருமபீடம் இருக்கிறது. இறங்கிய கையோடு எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணம் வந்த பிறகு அதற்காகத் திரும்பக் கொழும்புக்கு ஓடினால் குறைந்தது இரண்டு நாள் போய்விடும்.

2. யார் இப்படி மறிப்பார்கள்

தலைக்கவசம், வரிப்பத்திரம், வேகம் போன்ற வழக்கமான போக்குவரத்துச் சோதனையைச் சீருடைப் பொலிஸார்தான் பார்ப்பார்கள். சந்தியில் நிற்பார்கள், மோட்டார் சைக்கிளோ ஜீப்போ பக்கத்தில் தெரியும். சின்னம் இல்லாத காரிலும் வானிலும் வருபவர்கள் பெரும்பாலும் வேறு அலுவலாக வருகிறார்கள்: கஞ்சா, ஹெரோயின், ஐஸ், களவு மணல், தேடப்படும் ஆள், தேடப்படும் வாகனம். ஆகவே "நான் வேகமாக ஓடவில்லையே, ஏன் மறிக்கிறார்கள்?" என்று திகைக்க வேண்டாம். உங்கள் வாகனத்தின் நிறமே காரணமாக இருக்கலாம்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களை மறிக்க இலகுவான சாட்டு. ஊர்மனைக்குள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50 கிலோமீற்றர், வெளியே 70. ஓட்டோவுக்கு எங்கேயும் 40. நாவற்குழி தாண்டியதும் ஏ9 விரிந்து கிடக்கும், கால் தானாக அழுத்தும். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் வரும்போது திரும்பவும் ஊர்மனை என்பதை மறக்க வேண்டாம்.

3. லைற் அடித்தால்: வெளிச்சம் பார்த்து நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். வாகனத்தை நிறுத்துவது வேறு, கதவைத் திறப்பது வேறு. முதலாவதை நிச்சயம் செய்ய வேண்டும். இரண்டாவது, வந்தவர் யார் என்று தெரிந்த பிறகுதான்.

பின்னால் வருபவர் மறிக்கிறார் என்று விளங்கிய உடனே இவற்றைச் செய்யுங்கள். இரண்டு பக்க சிக்னலையும் ஒன்றாகப் போடுங்கள். வேகத்தை 20, 30க்குக் குறையுங்கள். இடது ஓரமாக வாருங்கள். காருக்குள் இருக்கும் லைற்றைப் போடுங்கள், கண்ணாடி வழியாகக் கையைக் காட்டி முன்னால் ஓர் இடத்தைச் சுட்டுங்கள். "நான் பார்த்துவிட்டேன், அங்கே நிறுத்துகிறேன்" என்பது அவருக்கு விளங்கும். பிறகு வெளிச்சமும் ஆட்களும் உள்ள முதல் இடத்தில் நிறுத்துங்கள்.

எங்கள் பக்கத்தில் இருட்டு வெளிகள் சில உண்டு: வல்லை வெளி, செம்மணி வெளி, தொண்டைமானாற்றுப் பக்கம், பண்ணையிலிருந்து வேலணைக்குப் போகும் கடல் வீதி, ஆனையிறவு. இவற்றில் இரவில் ஓடுபவர்கள் அடுத்த வெளிச்சம் எது என்பதைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். வல்லையில் என்றால் முனியப்பர் கோயிலடி, அல்லது ஆவரங்கால் பக்கம் வந்து ஒரு கடை வாசல். செம்மணியில் என்றால் ஒரு பக்கம் நாவற்குழி, மறுபக்கம் நகரப் பக்கத்து வீடுகள். பெற்றோல் செட் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. வெளிச்சம் இருக்கும், வேலை செய்யும் பொடியன்கள் இருப்பார்கள், பல இடங்களில் கமராவும் உண்டு. பொலிஸ் நிலைய வாசல் பக்கத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேராக அங்கே விடுங்கள்.

ஆனால் இதை ஓர் ஓட்டமாக மாற்றிவிட வேண்டாம். வேகத்தைக் கூட்டுவது, லைற்றை அணைப்பது, ஒழுங்கைக்குள் திருப்புவது எல்லாம் தப்பியோடுவதாகவே தெரியும். 2016 அக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸார் சுட்டதை அடுத்து உயிர் விட்டார்கள். மறித்தபோது நிற்கவில்லை என்பதுதான் பொலிஸ் தரப்பில் சொன்ன கதை. அந்தக் கதைக்கு இடம் கொடுக்காதீர்கள். தம்பிமார், முக்கியமாக மோட்டார் சைக்கிளில் போகிற நீங்கள், லைசன் இல்லை என்றாலும் நில்லுங்கள். தண்டம் கட்டலாம்.

வாகனத்தைக் குறுக்கே விட்டு அடைத்துவிட்டார்கள் என்றால் அங்கேயே நிறுத்துவதைத் தவிர வழியில்லை. அப்போது கதவுகளைப் பூட்டி, கையை ஸ்ரேறிங்கில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, அட்டையைக் கேளுங்கள்

கார் என்றால் கதவு பூட்டியபடி கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்குங்கள். குரல் கேட்கும், கடதாசி கொடுக்கலாம், கை உள்ளே வராது. மோட்டார் சைக்கிள் என்றால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து உங்கள் பையில் போடுங்கள், தலைக்கவசத்தைக் கழற்றுங்கள். முகம் தெரிந்தால் அவர்களின் பதற்றமும் குறையும்.

பிறகு மரியாதையாக, அவசரமில்லாமல் மூன்றைக் கேளுங்கள். எந்த நிலையம் அல்லது எந்தப் பிரிவு? பெயர் என்ன? அலுவலக அடையாள அட்டையைக் காட்ட முடியுமா? அட்டையைச் சும்மா தூக்கிக் காட்டி மடக்கினால் போதாது. படமும் பெயரும் வாசிக்கும் அளவுக்குக் காட்டச் சொல்லுங்கள். "சேர், இப்ப களவு கூட, அதாலதான் கேக்கிறன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பெரும்பாலும் முறைக்க மாட்டார்கள். எனக்குப் பிறகு ஒருமுறை சாவகச்சேரிப் பக்கம் இப்படி நடந்தது. கேட்டவுடன் அட்டையைக் கண்ணாடியில் ஒட்ட வைத்துக் காட்டினார், நான் பெயரை வாசித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். உண்மையான அலுவலருக்கு அட்டை காட்டுவது பெரிய வேலை இல்லை.

மறிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சிங்களம் தெரியாதவர்கள் இந்த மூன்று வரியையும் பாடமாக்குங்கள்:

"மொன பொலிசியென்த மஹத்தயா?" – எந்தப் பொலிஸ், ஐயா?

"ஐடென்டி கார்ட் எக்க பென்னன்ன புளுவன்த?" – அடையாள அட்டையைக் காட்ட முடியுமா?

"மட்ட சிங்கள பே, தெமளென் கதா கரன்ன." – எனக்குச் சிங்களம் தெரியாது, தமிழில் கதையுங்கள்.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் கேட்பது உங்கள் உரிமை, அவர் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவது நடக்கிற காரியம்.

அட்டை காட்ட மறுக்கிறார், அல்லது சந்தேகம் தீரவில்லை. சரி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு எடுங்கள். முதல் வரியிலேயே தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நிற்கும் இடம், முன்னால் நிற்கும் வாகனத்தின் இலக்கம், நிறம், எத்தனை பேர், இவர்கள் பொலிஸ்தானா, இவ்வளவுதான். வாகனத்துக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படி கதையுங்கள், "சேர், 119க்கு எடுத்துக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டே எடுங்கள். ஒளித்து வைத்துக்கொண்டு கைபேசியைத் தடவினால் வேறு எதையோ எடுப்பதாக நினைப்பார்கள். நீங்கள் அடிக்கடி ஓடும் வீதியில் உள்ள பொலிஸ் நிலையங்களின் இலக்கங்களையும் முன்னரே கைபேசியில் சேமியுங்கள். வடமராட்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுபவர் என்றால் கோப்பாய், அச்சுவேலி, நெல்லியடி மூன்றும். உள்ளூர் நிலையத்துக்கு எடுத்தால் "ஓம், எங்கட ஆக்கள்தான்" என்றோ "இல்லை, அங்கேயே இருங்கோ, ஜீப் அனுப்புறம்" என்றோ விரைவாகப் பதில் வரும்.

வீட்டுக்கும் ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். இடமும் நேரமும் வாகன இலக்கமும் போதும்.

5. சோதிக்க வேண்டும் என்றால்

யார் என்று தெரிந்துவிட்டால் தடுக்க வேண்டாம், இறங்குங்கள். ஆனால் சோதனை உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். பணப்பையும் கைபேசியும் நகையும் முதலில் உங்கள் கைக்கு வரட்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவு. டிக்கியைத் திறக்கும்போது நீங்களும் அங்கே நில்லுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கத்தால் தேடத் தொடங்கினால், "சேர், நானும் பார்க்க வேணும், ஒவ்வொரு பக்கமாப் பாருங்கோ" என்று சொல்லுங்கள். இல்லாத பொருள் ஒன்று சீற்றுக்குக் கீழே கிடந்து எடுக்கப்பட்டதாகச் சொன்னால், அதை நீங்கள் முழுநேரமும் பார்த்துக்கொண்டு நின்றீர்களா என்பதுதான் பிறகு சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி. கடைக்காரர் ஒருவரையாவது பக்கத்தில் கூப்பிட்டு வைத்திருப்பது நல்லது. வெளிச்சத்தில் நிறுத்தச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களின் உடலைப் பெண் அலுவலர் மட்டுமே சோதிக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பெண் அலுவலர் இல்லை என்றால் அவர் வரும் வரை, அல்லது நிலையம் போகும் வரை, பொறுக்கச் சொல்லலாம். இரவில் தனியாக ஓடும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் சொல்கிறேன், இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஏதாவது பொருளை எடுத்துக்கொண்டால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதை வாசியுங்கள், வாசிக்க முடியாத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள்.

6. அனுமதிப்பத்திரத்தை எடுத்தால்: தண்டப் பத்திரமும் 14 நாளும்

நான் விழுந்த குழி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்ப்பது ஒன்று, வைத்துக்கொள்வது இன்னொன்று. வைத்துக்கொள்வதென்றால் பதிலுக்குக் கடதாசி தர வேண்டும். சாதாரண தவறுகளுக்குத் தண்டப் பத்திரம் எழுதுவார்கள். அதில் தவறு, தொகை, திகதி, நிலையத்தின் பெயர் எல்லாம் இருக்கும். அந்தத் தாளே 14 நாளுக்கு உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம். நீதிமன்றத்துக்குப் போகும் குற்றம் என்றால் வழக்குத் திகதி போட்ட தாள் வரும். இரண்டும் இல்லாமல் "நாளைக்கு வாங்க" என்றால், "சேர், தட கொளே தென்ன" என்று கேளுங்கள். தண்டத் தாளைத் தாருங்கள் என்று அர்த்தம். தவறு எதுவும் இல்லை என்றால் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பித் தரட்டும். அப்படியும் கொண்டுபோகிறார் என்றால் அவர் பெயர், நிலையம், வாகன இலக்கம், நேரம் நான்கையும் அவர் கண் முன்னால் எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்ததுமே சிலர் திருப்பித் தந்துவிடுவார்கள்.

தாள் கையில் வந்தபின் கணக்கு இப்படி. 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த 14 நாளுக்குள் இரண்டு மடங்கு. அதுவும் தவறினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். 14 நாள் என்பது ஞாயிறும் போயாவும் உட்படத்தான். கடைசி நாளில் போய்க் கந்தோர் பூட்டிக் கிடந்து இரண்டு மடங்கு கட்டியவர் என்னோடு வேலை செய்கிறார். முதல் கிழமையிலேயே கட்டுங்கள். பற்றுச்சீட்டை உடனே ஒரு பிரதி எடுத்து, அசலைக் கொண்டுபோய்ப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் கிடைக்கும்.

இங்கேதான் தூரத்தின் விலை தெரியும். ஏ9 இல் புளியங்குளம் பக்கம் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் காசு கட்டினால், அனுமதிப்பத்திரத்துக்காகத் திரும்பவும் புளியங்குளம் போக வேண்டும். பஸ் காசு, அரை நாள் லீவு. அதனால் தாளைக் கையில் வாங்கிய உடனே நிலையத்தின் பெயரை வாசியுங்கள். எழுத்து விளங்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே கேளுங்கள். மறித்த இடமும் நிலையமும் எப்போதும் ஒன்றாக இருக்காது, சின்னம் இல்லாத வாகனத்தில் வருபவர்கள் தூரத்து நிலையத்தைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கலாம்.

அரசின் இணையவழிக் கட்டணச் சேவையான கோவ்பே வழியாகக் கைபேசியில் தண்டம் கட்டும் முறை 2025 இலிருந்து படிப்படியாக வருகிறது. அந்த இடத்திலேயே கட்டிவிட்டால் அனுமதிப்பத்திரத்தை விட்டுப் பிரிய வேண்டியதில்லை, ஆகவே கேட்டுப் பாருங்கள். கட்டுவது உங்கள் கைபேசியில், உங்கள் கையால் இருக்கட்டும். யாருடைய வங்கிக் கணக்கு இலக்கத்துக்கும் காசு அனுப்பாதீர்கள்.

கையில் காசு கேட்டால்? கொடுக்கக் கூடாது. 2,000 கொடுத்தால் முடிந்துவிடும் என்று தோன்றும், நேரமும் மிஞ்சும் என்று தோன்றும். உங்களுக்குப் பிறகு அந்த வழியால் வரும் ஓட்டோக்காரருக்கு அது 3,000 ஆகும். "தாள் எழுதுங்கோ சேர், கந்தோரில கட்டுறன்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

7. நிலையத்துக்கு வரச் சொன்னால்

உங்கள் வாகனத்தை நீங்களே ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதாகக் கேளுங்கள். அவர்களின் காரில் ஏறச் சொன்னால், கைதா என்று நேராகக் கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எந்த நிலையம் என்பதையும் கேட்டு, ஏறும் முன் வீட்டுக்குச் சொல்லுங்கள். கைபேசியை வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்: பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கணக்கு வேறு, அந்தச் சொல்லைக் கேட்டால் வீட்டார் ஒரு நிமிடமும் பிந்தாமல் சட்டத்தரணியையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தையும் அழைக்க வேண்டும். நிலையத்தில் உங்கள் சார்பில் சட்டத்தரணி முன்னிலையாகலாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்தில் இயங்குகிறது.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். எழுதி முடிந்ததும் முழுதாக வாசியுங்கள். களைப்பு இருக்கும், எப்படியாவது வெளியே போனால் போதும் என்று இருக்கும், பேனையை நீட்டியபடி நிற்பார்கள். அந்த நேரத்திலும் வாசியுங்கள்.

8. பிழை நடந்தால்: எங்கே, எத்தனை நாளுக்குள்

அன்று இரவே, தூங்க முன், நடந்ததை எழுதுங்கள். நேரம், இடம், வாகன இலக்கம், ஆட்களின் தோற்றம், சொன்ன வார்த்தைகள். நான் மூன்றாம் நாள் எழுதினேன். மறித்த காரின் இலக்கம் மட்டுமல்ல, அதன் ரகம்கூட நினைவில் வரவில்லை.

காயம் ஏதும் பட்டிருந்தால் முதலில் அரச வைத்தியசாலை. பொலிஸார் அடித்தார்கள் என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லி, அதைப் பதிய வையுங்கள். விழுந்துவிட்டேன் என்று பயத்தில் சொன்னால் பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

முறைப்பாட்டை முதலில் அந்த நிலையப் பொறுப்பதிகாரியிடம் கொடுக்கலாம். அங்கே போக மனமில்லை என்றால் அவருக்கு மேலுள்ள பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்தில் கொடுங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தண்டப் பத்திரம், பற்றுச்சீட்டு, வைத்தியசாலைத் தாள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, அசல்களை வீட்டில் வையுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பி, கந்தோர் தரும் சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டுங்கள்.

அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. சம்பவம் நடந்த நாளிலிருந்து அது ஓடும். பொலிஸ் பதில் தரட்டும் என்று காத்திருந்தால் அந்த மாதம் முடிந்துவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே வேறு எங்கே கொடுக்கிறீர்களோ இல்லையோ, முதல் கிழமைக்குள் அங்கே ஒரு முறைப்பாட்டைக் கொடுத்து, அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.